எந்தப் பக்கம், எவ்வளவு?



2024 மே 29. டெல்லியின் ஓரத்தில் முங்கேஷ்பூர் என்றொரு இடம். அங்குள்ள தானியங்கி வானிலை நிலையம் அன்று பிற்பகல் 52.9 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. பொழுது சாய்வதற்குள் அந்த எண் நாடு முழுக்கப் பரவிவிட்டது. இந்தியாவில் அதுவரை பதிவான உச்சம் ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று கண்ட 51 டிகிரிதான். அதை ஒரே தாவலில் ஏறக்குறைய இரண்டு டிகிரி தாண்டியிருக்கிறது என்றால் யாருக்குத்தான் பதறாது?

அடுத்த சில நாட்களில் என் கைப்பேசிக்கு இரண்டு வகைச் செய்திகள் வந்தன. ஒரு சாரார், உலகம் எரிகிறது, இனி மனிதன் வாழ முடியாது என்று எழுதினார்கள். மூன்று நாள் கழித்து, அந்தக் கருவியில் பிழை என்று வானிலைத் துறை அறிவித்தது. உடனே மற்றொரு சாரார், பார்த்தீர்களா, வெப்பக் கணக்கு எல்லாமே பொய் என்று எழுதினார்கள். இரண்டு சாராரும் செய்யாத ஒன்றைத் துறையின் ஊழியர்கள் செய்திருந்தார்கள். முதலில் டெல்லியின் மற்ற நிலையங்களோடு ஒப்பிட்டார்கள். அங்கெல்லாம் அன்றைய உச்சம் 45.2 முதல் 49.1 வரைதான். பிறகு சரிபார்த்த ஒரு கருவியை எடுத்துக்கொண்டு முங்கேஷ்பூருக்கே போய் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நிலையத்தின் உணரி 3 டிகிரி கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

கவனியுங்கள். கருவி கெட்டுவிட்டது என்று சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை. பிழை மேல் பக்கம், அளவு மூன்று டிகிரி என்று சொன்னார்கள். வானிலைப் பதிவுகளைப் பற்றிய எந்தச் சந்தேகத்தையும் நான் இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடை போடுகிறேன். பிழை எந்தப் பக்கம் தள்ளுகிறது? எவ்வளவு தள்ளுகிறது? இன்றைய பேச்சு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைப் பற்றித்தான்.

இந்தப் பாடம் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. பள்ளியில் படித்தபோது எங்கள் தோட்டத்தில் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதும் வேலை என்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை, நான் போகவில்லை. திங்கள் காலையில் போய் அளந்ததை எழுதிவிட்டு, ஞாயிறு கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். அறிவியல் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு என்னை உட்காரவைத்துச் சொன்னார்: “பூஜ்யம் என்றால் மழை இல்லை என்று அர்த்தம். நீ பார்க்கவில்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடு. இப்போது நீ எழுதியதை நம்பி, திங்களன்று ஒரே நாளில் இவ்வளவு மழை கொட்டியது என்று ஒருவன் சொல்வான். அது தப்பு. அந்த மாதத்து மொத்த மழையை இன்னொருவன் கூட்டுவான். அது ஏறக்குறைய சரியாகவே இருக்கும்.” ஒரே பிழை, ஒரு கேள்விக்கு விடையைக் கெடுக்கிறது; இன்னொரு கேள்வியைத் தொடவே இல்லை. அவர் சொன்னது இத்தனை வருடங்களாக என்னோடு வருகிறது.

இனி ஒரு பெரிய கதைக்கு வருகிறேன்.

உலகத்தில் இதுவரை பதிவான மிக அதிக வெப்பம் எது என்ற கேள்விக்குப் பல பத்தாண்டுகளாகப் பொது அறிவுப் புத்தகங்களில் ஒரே விடைதான் இருந்தது: லிபியாவின் அல் அஸீஸியா, 58 டிகிரி, 1922 செப்டம்பர் 13. திரிப்போலிக்குத் தெற்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில் உள்ள ஊர். அன்று லிபியா இத்தாலியின் ஆட்சியில் இருந்தது. நானும் அந்த எண்ணை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியவன்தான்.

2010 வாக்கில் கிறிஸ்டோபர் பர்ட் என்ற அமெரிக்க வானிலை வரலாற்றாளர் அந்த எண் இடிக்கிறது என்று எழுதினார். மத்தியதரைக் கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் உள்ள ஓர் ஊரில் 58 டிகிரி எப்படி வந்தது? சுற்றுவட்டார ஊர்களில் அன்று அப்படி ஒரு வெப்பத்தின் சுவடே இல்லையே? உலக வானிலை அமைப்பு ஒரு குழுவை அமைத்தது. லிபியா, இத்தாலி, எகிப்து, மொராக்கோ, பிரான்ஸ், ஸ்பெயின், அர்ஜென்டினா, பிரிட்டன், அமெரிக்கா என்று பல நாட்டு வல்லுநர்கள் அதில் இருந்தார்கள். லிபிய வானிலைத் துறையைச் சேர்ந்த காலித் இப்ராஹிம் எல் ஃபத்லி அந்த 1922 செப்டம்பர் மாதத்தின் மூலத் தாளையே தேடி எடுத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் 2011-இன் லிபியப் புரட்சி வெடித்தது. பல மாதங்கள் அவரோடு தொடர்பே இல்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று குழுவினர் கலங்கியிருந்தார்கள். சண்டை நடக்கும் ஊரில் இருந்துகொண்டு தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஒரு தாளைப் பற்றி ஒரு மனிதர் அக்கறைப்பட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மீது பெரிய மரியாதை வருகிறது.

அந்தத் தாள் என்ன சொன்னது? செப்டம்பர் 11 முதல் கையெழுத்து மாறுகிறது. புதிதாக யாரோ பொறுப்பேற்றிருக்கிறார். அதிக வெப்பத்துக்கும் குறைந்த வெப்பத்துக்கும் உரிய கட்டங்களை அவர் மாற்றி எழுதியிருக்கிறார். பழக்கமில்லாத கை என்பதற்கு அதுவே சாட்சி. கருவியோ அந்தக் காலத்திலேயே பழசாகிப்போன சிக்ஸ்-பெல்லானி வகை. அதில் பாதரசம் ஒரு சிறு ஊசியைத் தள்ளிக்கொண்டு போகும். பிறகு பாதரசம் இறங்கினாலும் ஊசி அங்கேயே நின்றுவிடும். ஊசியின் அடிமுனை நிற்கும் இடம்தான் அளவு. விவரம் தெரியாதவர் மேல்முனையைப் பார்த்து எழுதிவிடுவார். அந்த ஊசியின் நீளம் எவ்வளவு? ஏறக்குறைய 7 டிகிரிக்குச் சமம். போதாததற்கு நிலையம் இருந்த தரை பாலைவன மண் அல்ல, தார் போன்ற கரிய பரப்பு. மற்ற ஊர்களின் கணக்கோடும் பொருந்தவில்லை, அதே ஊரில் பின்னால் எடுத்த கணக்கோடும் பொருந்தவில்லை. 2012 செப்டம்பர் 13 அன்று, சரியாகத் தொண்ணூறு வருடம் கழித்து, அந்த உச்சம் செல்லாது என்று அறிவித்தார்கள். பட்டம் கலிபோர்னியாவின் டெத் வேலிக்குப் போனது: 1913 ஜூலை 10, 56.7 டிகிரி. அதையும் கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேட்கட்டும்.

பழங்காலத்து வெப்பத்தைக் குறைத்துக் காட்டுவதற்காகவே இதைச் செய்தார்கள் என்று நினைப்பவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்துக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஒரே ஊரில், ஒரே நாளில், ஓர் ஊசியின் நீளத்தால் வந்த பிழை இது. அந்த நாளின் உச்சத்தை அது கெடுத்தது. உலகத்தின் நூறு வருடச் சராசரியை அதனால் அசைக்க முடியாது. என் மழைமானிக் கணக்கு போலத்தான்.

சராசரியை அசைக்கக்கூடிய பிழைகளும் உண்டு. அவை ஒரே பக்கமாக, ஆயிரம் இடங்களில், பல வருடங்களாக நடப்பவை. அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். காலநிலைச் சண்டையில் அதிகம் தவறாகப் பேசப்படுவது அதுதான்.

அமெரிக்காவில் 1890 முதல் தொண்டர்கள்தான் பெரும்பாலான ஊர்களில் வெப்பநிலை எடுக்கிறார்கள். விவசாயிகள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள். ஒரு நாளில் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதைக் காட்டும் வெப்பமானி அவர்களிடம் இருக்கும். நாளுக்கு ஒரு முறை பார்த்து எழுதிவிட்டு அதை மீட்டமைக்க வேண்டும். முற்காலத்தில் பெரும்பாலோர் சாயங்காலம் பார்த்தார்கள். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். செவ்வாய்க்கிழமை கொளுத்துகிறது: உச்சம் 40. மாலை ஐந்து மணிக்கு 40 என்று எழுதி மீட்டமைக்கிறார். அப்போது வெளியே இன்னும் 38. கருவி 38-இலிருந்து தொடங்குகிறது. புதன்கிழமை காற்று மாறி, நாள் முழுக்க 33-ஐத் தாண்டவில்லை. ஆனால் புதன் மாலை அவர் பார்க்கும்போது கருவி 38 என்று காட்டும், ஏனென்றால் அது செவ்வாய் மாலையின் மிச்சம். ஒரு வெயில் நாள் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. காலை ஏழு மணிக்குப் பார்ப்பவருக்கு இதே சங்கதி தலைகீழாக நடக்கும். ஒரு குளிர்ந்த விடியல் இரண்டு முறை பதிவாகும்.

மழைமானியில் உள்ள தண்ணீர் பகலில் ஆவியாகிவிடாமல் இருக்கக் காலையிலேயே அளப்பது நல்லது என்று அங்கே சொல்லப்பட்டது. பத்தாண்டு பத்தாண்டாகத் தொண்டர்கள் மாலையிலிருந்து காலைக்கு மாறினார்கள். யாரும் தப்பாக எழுதவில்லை. ஆனாலும் கணக்கில் ஒரு பொய்யான குளிர்ச்சி ஏறிவிட்டது. தாமஸ் கார்ல் முதலானோர் 1986-இல் அதைத் திருத்தும் முறையை வெளியிட்டார்கள். திருத்தியபின் அமெரிக்காவின் வெப்ப உயர்வு கூடித் தெரிகிறது. கடந்த காலத்தை வேண்டுமென்றே குளிர்விக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. காரணம் கேட்காமல் திருத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது களவாகத்தான் தெரியும். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காரணத்தைச் சொன்னபிறகும் அதே குற்றச்சாட்டைத் திரும்பச் சொன்னால், அவர் பதிவைச் சந்தேகிக்கவில்லை, முடிவை வெறுக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சந்தேகத்தை உழைப்பாக மாற்றியவர்களும் உண்டு. ஆன்டனி வாட்ஸ் கலிபோர்னியாவில் தொலைக்காட்சியில் வானிலை சொன்னவர். வெப்ப உயர்வில் நம்பிக்கை இல்லாதவர். 2007-இல் தொண்டர்களைத் திரட்டி, அமெரிக்காவின் 1,221 முக்கிய நிலையங்களை நேரில் போய்ப் படம் எடுக்கச் சொன்னார். குளிர்சாதன எந்திரத்தின் சூடான காற்று படும் இடத்தில் வெப்பமானி, கார் நிறுத்தும் தார்த்தரை மேல் வெப்பமானி என்று படங்கள் குவிந்தன. பெரும்பாலான நிலையங்கள் விதிப்படி அமைக்கப்படவில்லை. அது உண்மையான கண்டுபிடிப்பு. அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

இப்போது நம் இரண்டு கேள்விகள். மேத்யூ மென்னேயும் சகாக்களும் 2010-இல் மோசமான நிலையங்களையும் நல்ல நிலையங்களையும் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். மோசமான நிலையங்கள் அதிகமாகச் சூடேறியதாகக் காட்டும் என்றுதானே எதிர்பார்ப்போம்? பகல் உச்சத்தில் அவை குறைவாகக் காட்டின. 1980-களில் அங்கே மின்னணுக் கருவிகள் வந்தன. வயர் எட்ட வேண்டும் என்பதற்காகக் கட்டிடத்தின் பக்கத்திலேயே பொருத்தினார்கள். அந்தக் கருவிகள் பழைய கண்ணாடி வெப்பமானியைவிட உச்சத்தைச் சற்றுக் குறைத்துக் காட்டுபவை. 2011-இல் வாட்ஸே இணையாசிரியராக இருந்த ஓர் ஆய்வும் வந்தது. மோசமான இடங்களில் இரவு வெப்பத்தின் உயர்வு கூடியும், பகல் வெப்பத்தின் உயர்வு குறைந்தும், இரண்டின் சராசரியில் ஏறக்குறைய வேறுபாடு இல்லாமலும் இருப்பதாக அது சொன்னது. படம் பார்த்துப் பக்கத்தைச் சொல்லிவிட முடியாது, அளக்க வேண்டும். அமெரிக்கா தன் பங்குக்கு, நகரங்களை விட்டுத் தொலைவில், ஒவ்வொன்றிலும் மூன்று வெப்பமானிகள் வைத்த புதிய நிலையங்களை நூறுக்கும் மேல் நிறுவியது. 2005 முதலான அவற்றின் கணக்கும் பழைய நிலையங்களின் திருத்தப்பட்ட கணக்கும் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன.

பெர்க்லியின் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் இன்னும் ஒரு படி போனார். அவருக்கும் பழைய கணக்குகள் மீது நம்பிக்கை இல்லை. 2010-இல் ஒரு குழுவைச் சேர்த்து, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் கணக்கை முதலிலிருந்து போட்டார். நிலக்கரி, எண்ணெய்த் தொழிலில் உள்ள கோச் குடும்பத்தின் அறக்கட்டளையும் பணம் கொடுத்திருந்தது. 2012 ஜூலையில் நாளிதழில் வெளிப்படையாக எழுதினார்: 250 வருடங்களில் நிலப்பரப்பு சுமார் ஒன்றரை டிகிரி சூடேறியிருக்கிறது, காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதர்கள்தான், என் மனம் மாறிவிட்டது என்று. முல்லரின் முடிவு எதுவானாலும் ஏற்பேன் என்று முன்பு எழுதியிருந்த வாட்ஸ், முடிவு வந்தபின் ஏற்கவில்லை. இருவரும் ஒரே சந்தேகத்தில்தான் தொடங்கினார்கள். இது எனக்கு வருத்தம் தருகிறது. வாட்ஸின் தொண்டர்கள் வெயிலில் அலைந்து எடுத்த படங்கள் இதைவிட நல்ல முடிவுக்குத் தகுதியானவை.

விண்கோள் கணக்கை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அலபாமாவின் ஜான் கிறிஸ்டியும் ராய் ஸ்பென்ஸரும் விண்கோள்கள் வழியே வளிமண்டல வெப்பத்தைக் கணித்தார்கள். 1990-களில் அந்தக் கணக்கு வெப்ப உயர்வே இல்லை என்று காட்டியது. பலர் அதைத்தான் கடைசிச் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். விண்கோள் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டு வருகிறதே, அதைச் சேர்த்தீர்களா என்று ஃபிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபெலும் 1998-இல் கேட்டார்கள். சேர்க்கவில்லை. பிறகு 2005-இல், விண்கோள் ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் நழுவுவதற்கான திருத்தத்திலும் பிழை கண்டுபிடிக்கப்பட்டது; கிறிஸ்டியும் ஸ்பென்ஸரும் அதை ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். இன்று அவர்கள் கணக்கும் சூடேறுவதையே காட்டுகிறது. வெப்பமானிக்குப் பிழை உண்டென்றால் விண்கோளுக்கும் உண்டு.

கடலுக்கு வருவோம். பூமியில் பெரும்பகுதி கடல்தானே. முற்காலத்தில் மாலுமிகள் வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு, தளத்தில் வைத்து வெப்பமானியை விட்டுப் பார்த்தார்கள். முதலில் மரவாளி, பிறகு கித்தான் வாளி. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கித்தான் வாளியும் அப்படித்தான். வெளிப்புறம் கசிந்து ஆவியாகும், உள்ளே தண்ணீர் குளிரும். ஆகவே பழைய கடல் கணக்கு, கடல் உண்மையில் இருந்ததைவிடக் குளிர்ச்சியாகக் காட்டும். போர்க்காலத்தில் இரவில் தளத்தில் விளக்கு காட்டுவது ஆபத்து. எஞ்சின் அறைக்குள் வரும் நீரை அளந்தார்கள்; அது சற்றுச் சூடானது. 1945-இல் போர் முடிந்ததும் கணக்கில் திடீரென்று சுமார் 0.3 டிகிரி இறக்கம். உலகம் ஒரே வருடத்தில் குளிர்ந்துவிட்டதா? 2008-இல் டேவிட் தாம்ப்ஸனும் சகாக்களும் காரணத்தைக் காட்டினார்கள். எஞ்சின் அறையில் அளக்கும் அமெரிக்கக் கப்பல்களின் பங்கு குறைந்து, வாளியில் அளக்கும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியதுதான் அது.

இந்த வாளித் திருத்தத்தைச் சேர்த்தால் உலகக் கணக்கு எந்தப் பக்கம் போகிறது? பழைய கடல் கொஞ்சம் சூடாகிறது. அதனால் நூற்றாண்டு வெப்ப உயர்வு குறைகிறது. நிலம், கடல் எல்லாத் திருத்தங்களையும் மொத்தமாகச் சேர்த்தால், திருத்தாத கணக்குதான் உலகம் அதிகம் சூடேறியதாகக் காட்டும். திருத்தங்களால்தான் வெப்ப உயர்வு வருகிறது என்று மேடைகளில் முழங்குபவர்கள் ஒரு முறை இதைக் கூட்டிப் பார்க்க வேண்டும். திருத்தியபின் மிஞ்சுவதும் சிறியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டு 1.1 டிகிரி கூடுதல்.

கடைசியாக நம் சென்னை. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தின் கற்றூண் இன்றும் நிற்கிறது. சென்னையின் மழைக்கணக்கு 1813 முதல் தொடர்ச்சியாக இருந்தது. 1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 1877-இன் தென்மேற்கும் பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது அதைத்தான். லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். நிவாரண வேலை செய்த கூலிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று, பஞ்சத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார்.

அந்தச் சாவுகளுக்கு நடுவே, 1877-இல், பிரிட்டிஷ் இந்திய அதிகாரி வில்லியம் வில்சன் ஹன்டர் ஒரு நூல் எழுதினார். வானியலாளர் நார்மன் லாக்யரும் அவரோடு சேர்ந்துகொண்டார். சென்னையின் 64 வருட மழையைச் சூரியக் கரும்புள்ளிகளின் பதினோரு வருடச் சுழற்சியோடு பொருத்தி, புள்ளி குறையும் காலத்தில் மழையும் குறைகிறது, பஞ்சம் சுழற்சியாக வருகிறது என்றார்கள். கேட்க எவ்வளவு ஆறுதல்! சூரியனைக் கைகாட்டிவிட்டால் கூலியைக் குறைத்த கையை யாரும் பார்க்கமாட்டார்கள். ஹன்டரின் நோக்கம் அது என்று நான் சொல்லவில்லை. பஞ்சத்தை முன்கூட்டியே அறிய வேண்டும் என்றுதான் அவர் எழுதினார்.

அதே ஆண்டு இன்னொரு பிரிட்டிஷ் இந்திய அதிகாரியான ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை வாசித்தார். அவர் சொன்னதை நம் ஊர் வழியில் சொல்கிறேன். தாயக்கட்டையை 64 முறை உருட்டி, விழுந்த எண்களைப் பதினொன்று பதினொன்றாக வரிசையில் எழுதுங்கள். ஆறு வரிசைகூட முழுதாக வராது. ஒவ்வொரு பத்திக்கும் சராசரி எடுங்கள். சில பத்திகள் உயர்ந்திருக்கும், சில தாழ்ந்திருக்கும். அதைச் சுழற்சி என்பீர்களா? தாழ்ந்த பத்தியில் உள்ள எண்கள் அந்தத் தாழ்ந்த சராசரியை ஒட்டி நிற்கின்றனவா, அல்லது முன்போலவே சிதறிக் கிடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சென்னை மழையை அவர் அப்படிப் பார்த்தார். சுழற்சிச் சராசரியிலிருந்து விலகும் அளவும், சாதாரணச் சராசரியிலிருந்து விலகும் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். பதினோரு வருடச் சுழற்சியை நம்பி அடுத்த வருட மழையைச் சொல்ல முடியாது.

எவ்வளவு என்ற கேள்வியைச் சென்னையின் பேரேட்டிடம் 1877-லேயே ஒருவர் கேட்டிருக்கிறார். 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்ற கணித மேதை கில்பர்ட் வாக்கர் அதை இன்னும் கூர்மையாக்கினார். நூறு தொடர்புகளைத் தேடிப் பார்த்து அதில் பெரியதை மட்டும் எடுத்துக் காட்டினால், தற்செயலாகவே பெரிதாக ஒன்று கிடைத்துவிடும் என்று 1914-இல் எழுதினார். அப்படிச் சலித்துச் சலித்துப் பார்த்தபின் அவர் கையில் மிஞ்சியதுதான், பசிபிக்கின் ஒரு கரையில் காற்றழுத்தம் ஏறினால் மறுகரையில் இறங்கும் தென் அலைவு. அதற்கும் எல் நினோ என்ற கடல் வெப்பத்துக்கும் உள்ள உறவை 1969-இல் ஜேக்கப் பியர்க்னெஸ் விளக்கினார்.

1877-இல் நம் மழையைக் கெடுத்ததில் பெரும்பங்கு மிகக் கடுமையான ஓர் எல் நினோவுக்கு என்று இன்று தெரிகிறது. அந்த ஆண்டு பசிபிக் கடலின் சூட்டைப் பார்க்க விண்கோள் இல்லை. வழிப்போக்குக் கப்பல்களின் மாலுமிகள் மொண்டு அளந்த கடல்நீர்தான் இருந்தது. அந்த வாளிகள் நீரை எவ்வளவு குளிர்வித்தன என்று கணக்குப் போட்டுத் திருத்திய பிறகுதான், தாது வருடத்துப் பஞ்சம் முற்றியபோது பசிபிக் எவ்வளவு சூடாயிருந்தது என்பது நமக்குத் தெரிந்தது.